மின்தூக்கி வேண்டாம், படியில் இறங்குங்கள்: சிங்கப்பூரிலிருந்து கினபாலு மலைக்கு முதல் பயணம்

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர். மலேசியாவின் சாபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலையுச்சியோ 4,095 மீட்டர். இருந்தும் சாங்கியிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான் என்பதால், வாழ்க்கையில் முதன்முதலாக ஏறும் பெரிய மலையாக நம்மில் பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். "கயிறு கட்டிப் பாறையில் தொங்க வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும்" என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரிதான். எவ்வளவு நடக்க வேண்டும், அதில் எவ்வளவு இறக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு விவரம் கிடைக்கும்.

வழக்கமான ஏற்றம் இரண்டு பகலும் ஓர் இரவும் ஆகும். முதல் நாள் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கும் திம்போஹோன் வாயிலில் தொடங்கி, 6 கிலோமீட்டர் ஏறி, ஏறக்குறைய 3,270 மீட்டரில் இருக்கும் பனலாபான் தங்குமிடங்களை அடைகிறோம். நள்ளிரவு கடந்ததும் எழுந்து இன்னும் 2.7 கிலோமீட்டர் ஏறினால் உச்சி. பிறகு அதே நாளில் 8.7 கிலோமீட்டரையும் இறங்கித் திம்போஹோனுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒரே நாளில் இறங்கும் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். ஒரு மாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் என்று கணக்குப் போட்டால், 12 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிகளில் 65 முறைக்கு மேல் இறங்குவதற்கு அது சமம்.

முதல் முறை போகிறவர்களில் பெரும்பாலோர் ஏறுவதற்கு மட்டுமே உடம்பைத் தயார் செய்கிறார்கள். ஆனால் இந்த மலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வழியோரம் உட்கார்ந்து அழுகிறவர்களை நான் பார்த்தது இறங்கும் வழியில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் இறக்கத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் படுக்கை, பிறகு விமான டிக்கெட்

பலர் மலிவாக விமான டிக்கெட் கிடைத்ததும் வாங்கிவிட்டு, பிறகு மலையில் இடம் தேடுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பனலாபானில் எத்தனை படுக்கைகள் இருக்கின்றனவோ அத்தனை பேர்தான் ஒரு நாளில் ஏற முடியும். சிங்கப்பூரின் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளுக்கும் நீண்ட வார இறுதிகளுக்கும் பல மாதங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துபோகிறது. முதலில் தங்குமிடத்தை உறுதி செய்யுங்கள். அதற்கான தேதி கையில் வந்த பிறகு விமானத்தைப் பாருங்கள்.

செலவையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தங்குமிடம், உணவு, ஏறுவதற்கான அனுமதி, வழிகாட்டிக் கட்டணம், காப்பீடு, பூங்கா நுழைவுக் கட்டணம் எல்லாம் தனித்தனிக் கணக்கு. பயண முகவர்கள் இவற்றைச் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். எது சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலேசியருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை. சிங்கப்பூர்க் குடிமக்களும் மற்றவர் கணக்கில்தான் வருவார்கள். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது.

எந்த மாதம்? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகம். தீபாவளி விடுமுறையோடு சேர்த்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள். எந்த மாதத்திலும் மதியத்துக்கு மேல் மழை வரலாம்.

கடப்பிதழ் விஷயத்தில் இரண்டு செய்திகள். சாபா மாநிலம் தன் குடிநுழைவைத் தானே கட்டுப்படுத்துகிறது. கோலாலம்பூர் வழியாகப் போனாலும் கோத்தா கினபாலுவில் மறுபடி கடப்பிதழைக் காட்ட வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டியதில்லை. இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்கிறவர்கள் பயணத்துக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் அதை நிரப்ப வேண்டும். விசா விதியையும் டிக்கெட் வாங்குவதற்கு முன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பயணக் காப்பீட்டை வாங்கும்போது உயர வரம்பு என்ன என்று படித்துப் பாருங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடக்கும் மலையேற்றத்துக்குப் பொறுப்பேற்காத திட்டங்கள் இருக்கின்றன. உங்களுக்குத் தேவை 4,095 மீட்டர் வரை செல்லுபடியாகும் திட்டம்.

எட்டு வாரப் பயிற்சி

பழனியிலோ பத்துமலையிலோ படியேறிய பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. பத்துமலையின் 272 படிகளை நிற்காமல் ஏறியவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ளுங்கள், அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பத்துமலையில் ஏற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இங்கே முதல் நாளில் மட்டும் ஐந்து, ஆறு மணி நேரம் படி படியாகவே போகும். மண்ணைத் தாங்கப் பலகை வைத்த படிகள், கல் படிகள், மரப்படிகள் என்று உயரம் மாறிக்கொண்டே இருக்கும். சில படிகள் முழங்கால் உயரம் வரும்.

நமக்கு வாய்த்த பயிற்சிக்கூடம் நாம் குடியிருக்கும் புளோக்தான். வாரத்தில் இரண்டு நாள் படிக்கட்டு, வார இறுதியில் ஒரு நீண்ட நடை, குறைந்தது எட்டு வாரம். மருத்துவச் சிக்கல் ஏதும் இல்லாத, சுமாராக நடக்கும் பழக்கம் உள்ள ஒருவருக்கு இது போதும். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

படிக்கட்டுப் பயிற்சியில் பரவலாகச் சொல்லப்படும் ஓர் அறிவுரை உண்டு: "ஏறுங்கள், ஆனால் முழங்காலைக் காப்பாற்ற மின்தூக்கியில் இறங்குங்கள்." மெலிய நினைப்பவர்களுக்கு அது பொருந்தலாம். கினபாலு போகிறவர்களுக்கு அது தவறான அறிவுரை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. ஏறும்போது அதே தசை சுருங்கி வேலை செய்கிறது. நீளும் வேலைக்குப் பழகாத தசையில்தான் மறுநாள் நாற்காலியில் உட்காரவும் முடியாத வலி வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் அதே தசை வியக்கத்தக்க வேகத்தில் தேறிவிடும். அந்தப் பழக்கத்தை மலையில் பெற முடியாது, இங்கேயே பெற்றுக்கொண்டு போக வேண்டும்.

எனவே முதல் வாரத்தில் 12 மாடியை மூன்று முறை ஏறி, மூன்று முறையும் படியிலேயே இறங்குங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு சுற்றைக் கூட்டுங்கள். ஆறாவது வாரத்தில் முதுகில் சுமையோடு செய்யுங்கள். கடையில் வாங்கும் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை அதற்குச் சரியான எடை. இறங்கும்போது முழங்காலை விறைப்பாக நீட்டாமல் சற்று மடக்கியே வைத்து, பாதத்தை மெல்ல வையுங்கள். உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்காத அளவுக்கு வைக்கப் பழகினால் மூட்டுக்கு அடி விழாது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு சாயாதீர்கள். மலையின் பெரும்பகுதியில் அப்படிச் சாய்ந்துகொள்ளக் கம்பி இருக்காது. தசை வலித்தால் ஓய்வெடுத்துத் தொடருங்கள். மூட்டுக்குள் குத்தினால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். இரவு நேரத்தில் படியேறினால் அக்கம்பக்கத்து வீட்டாரின் தூக்கத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

வார இறுதிக்குப் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிதான் என் முதல் தேர்வு. பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். ஒருமுறை உச்சிக்குப் போய்வருவது பயிற்சியே ஆகாது. தார்ச்சாலை வழியாக ஏறிப் படிகள் வழியாக இறங்குவது, அடுத்த சுற்றில் அதை மாற்றிச் செய்வது என்று நான்கைந்து சுற்று போங்கள். குரங்குகள் இருக்கும் இடம் என்பதால் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். நீண்ட தூரத்துக்கு மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் பாதை நல்லது. தொங்குபாலத்தையும் சேர்த்தால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வரும். அங்கே ஏற்ற இறக்கம் குறைவுதான். ஆனால் மூன்று மணி நேரம் காலில் நிற்பது என்றால் என்ன, புதுக் காலணி எங்கே கடிக்கிறது, பையின் வார் தோளை எங்கே அறுக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

முடிந்தால் புறப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பு ஜோகூரில் ஒரு மலை ஏறிவிடுங்கள். குளுவாங் ஊருக்கு அருகில் உள்ள குனோங் லம்பாக் 510 மீட்டர். செங்குத்தான வேர்ப் படிகளும் கயிறு பிடித்து ஏறும் இடங்களும் உண்டு. ஒரே நாளில் போய்வந்துவிடலாம். உடம்பில் நம்பிக்கை உள்ளவர்கள் 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் போகலாம். அது தேசியப் பூங்கா. வழிகாட்டியும் முன்பதிவும் தேவை, நாளும் நீளமானது. உட்லண்ட்ஸ் பாலத்தின் வார இறுதி நெரிசலைத் தவிர்க்க விடியலுக்கு முன்பே எல்லையைக் கடந்துவிடுங்கள். ஜோகூர் மலைகளின் பெரிய பயன் இதுதான்: ஈர வேர் மீதும் வழுக்குப் பாறை மீதும் கால் வைத்து இறங்கும் துணிவை எந்தப் படிக்கட்டும் கற்றுத்தராது.

உயரத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் குறைந்த காற்றுக்கு மட்டும் சிங்கப்பூரில் பயிற்சி கிடையாது. கடல்மட்டத்தில் வாழ்கிறோம். எவ்வளவு ஓடினாலும் 3,000 மீட்டருக்கு மேல் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வயதானவர் நன்றாக இருப்பார், மாரத்தான் ஓடும் இளைஞர் வாந்தியெடுப்பார். மருந்து வேண்டுமா என்பதைப் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள். அசெட்டசோலமைட் என்ற மருந்தைச் சிலருக்குக் கொடுப்பார்கள். நண்பரிடம் மீந்ததை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

உச்சியில் விடியற்காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருக்கும். காற்றும் சேர்ந்தால் அதைவிடக் குளிரும். நம்மில் பலர் அனுபவித்த அதிகபட்சக் குளிர் அலுவலகக் குளிர்சாதனம்தான் என்பதால் இதைக் குறைத்து மதிப்பிடுகிறோம். ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பாமல் மூன்று அடுக்காக அணியுங்கள். உடலோடு ஒட்டி வியர்வையை உலர்த்தும் சட்டை, அதன் மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸும் அப்படியே.

காலணியில் காசு பார்க்காதீர்கள். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரியதாக வாங்குங்கள். இறங்கும்போது கால்விரல் முன்னால் முட்டும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் கறுத்துப்போன நகத்தோடு திரும்புகிறவர்கள் ஏராளம். மலேசியாவில் தோட்ட வேலை செய்வோர் அணியும் கறுப்பு ரப்பர் காலணியை, 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாக அழைப்பார்கள், அங்குள்ள வழிகாட்டிகள் சிலர் அணிந்து மிக லாகவமாக நடப்பார்கள். விலை குறைவு, பிடிமானம் அருமை. அவர்கள் கால் அதற்குப் பழகியது. நீங்கள் பல வாரம் போட்டுப் பழகாமல் அதை மலைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

தலைவிளக்கு கட்டாயம். கைப்பேசி விளக்கு போதாது. இருட்டில் இரண்டு கையும் கயிற்றுக்குத் தேவைப்படும். பிடிமானமுள்ள கையுறை, காதை மூடும் குல்லா, மழையங்கி, பைக்கு மழை உறை, இரண்டு ஜோடிக் காலுறை, ஊன்றுகோல் இரண்டு. வாடகைக்கு எடுப்பதானாலும் இரண்டாக எடுங்கள். இறக்கத்தில் ஒற்றைக் கோல் அரை உதவிதான். ஒரு லிட்டர் தண்ணீர், வழியில் நிரப்பிக்கொள்ள வெற்றுப் பாட்டில். பாதையோர ஓய்விடங்களில் தொட்டிகள் உண்டு. அதில் இருப்பது சுத்திகரிக்கப்படாத மலைநீர் என்பதால் வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் கைப்பேசியின் மின்கலம் சீக்கிரம் தீரும். உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். சைவமாக இருந்தால் முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். வழியில் கொறிக்க முஸ்தஃபாவிலோ தேக்காவிலோ கடலைமிட்டாய், பேரீச்சை, உலர்ந்த திராட்சை வாங்கிக்கொள்ளுங்கள். உயரத்தில் பசி மந்தமாகும். அப்போது நாக்குக்குப் பழகிய இனிப்புதான் உள்ளே போகும். பெண்கள் மாதவிடாய்க்கு எதிர்பாராத நாளிலும் தயாராக இருங்கள். பயன்படுத்தியதை மூடிக் கீழே கொண்டுவர ஒரு பை வேண்டும். எல்லாக் குப்பைக்கும் அதே விதிதான்.

மொத்த எடை ஆறு கிலோவைத் தாண்டினால் யோசியுங்கள். கிலோ கணக்கில் சுமந்து தரும் சுமைதூக்குவோர் திம்போஹோனில் கிடைப்பார்கள். அவர்களை வைத்துக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். முழங்கால் பலவீனமானவர்களுக்கு இறக்கத்தில் நான்கு கிலோ குறைவதே பெரிய காரியம். பனலாபானில் நாம் உண்ணும் சோற்றுக்கான அரிசியும் சமையல் எரிவாயு உருளையும்கூட மனித முதுகில்தான் மேலே வருகின்றன. எதிரே சுமையோடு வருகிறவர்களைப் பார்த்தால் ஓரமாக நின்று வழிவிடுங்கள்.

முந்திய நாள்

சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய மறுநாள் காலையே கோத்தா கினபாலு நகரத்திலிருந்து நேராக மலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் விடுப்பு மிச்சம் என்பதுதான் காரணம். அந்த ஒரு நாளைச் செலவழியுங்கள் என்று வற்புறுத்துவேன். நகரம் கடல்மட்டத்தில் இருக்கிறது. மலையடிவாரத்தில் உள்ள கினபாலு பூங்காவின் தலைமையகமோ 1,500 மீட்டருக்கு மேல். முந்திய இரவை அங்கேயோ அருகிலுள்ள குண்டசாங்கிலோ கழித்தால் உடம்புக்கு ஒரு படி முன்னேற்றம் கிடைக்கும். நகரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ரானாவ் போகும் வேன்கள் பூங்கா வாசலைத் தாண்டித்தான் போகின்றன. மலைச்சாலை வளைவுகளில் குமட்டுகிறவர்கள் மாத்திரையை முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மாலை ஓய்வாகச் சிலாவ் சிலாவ் ஓடைப் பாதையில் நடந்து பாருங்கள். 1964இல் பாதுகாக்கப்பட்ட இந்தப் பூங்கா 754 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. 2000இல் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது மலையின் உயரத்துக்காக அல்ல, தாவர வளத்துக்காக. எலியையும் உள்ளே விழுங்கக்கூடிய பெரிய குடுவைச் செடியான நெப்பந்திஸ் ராஜா இந்த மலைப்பகுதிக்கே உரியது. குடும்பத்தில் மலையேறாத பெற்றோரோ சிறு பிள்ளைகளோ வந்தால் அவர்களுக்குத் தலைமையகத்தின் தாவரத் தோட்டமும் இந்தச் சிறு பாதைகளும் இரண்டு நாளுக்குப் போதுமான விருந்து. ஏறாதவர் வெறுமனே காத்திருக்க வேண்டியவர் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

முதல் நாள்: மெதுவாக ஏறுவது

காலையில் தலைமையகத்தில் பதிவு செய்து, பெயர் எழுதிய அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சோதனை இடங்களில் அதைக் காட்ட வேண்டும். வழிகாட்டியின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த மலையடிவார ஊர்களில் பிறந்த கடசான்டூசூன் மக்கள். இறந்த முன்னோரின் ஆவிகள் உறையும் இடம் என்று இந்த மலையை அவர்கள் வணங்குகிறார்கள். குன்றுதோறும் குமரனைக் கண்ட நமக்கு அந்த உணர்வைப் புரிந்துகொள்வது எளிது. கூச்சல் போடாதீர்கள், சத்தமாகப் பாட்டு வைக்காதீர்கள்.

திம்போஹோனைத் தாண்டியதும் பாதை முதலில் கீழே இறங்கும். கார்சன் அருவிக்குப் பிறகுதான் ஏற்றம். அந்தச் சிறு இறக்கத்தை நினைவில் வையுங்கள், மறுநாள் அது உங்களைக் கடைசியாகச் சோதிக்கும்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிய வேண்டும். சொல் சொல்லாக மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தூரக்கல் உண்டு, கூரையோடு ஓய்விடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சில நிமிடம் நில்லுங்கள், கால் மணி நேரம் உட்காராதீர்கள். உடம்பு குளிர்ந்தால் மறுபடி கிளப்புவது கடினம். 2,700 மீட்டர் வாக்கில் இருக்கும் லயாங் லயாங்கில் மதிய உணவை வைத்துக்கொள்வது வசதி. அதற்கு மேல் மரங்கள் குட்டையாகும், பாறை தெரியத் தொடங்கும், படிகள் பெரிதாகும். நம் ஊர்க் குழுக்களில் இந்த இடத்தில்தான் வேகமானவர்கள் முன்னே போய்விட, மெதுவானவர் தனியாகிறார். மெதுவானவரை முன்னே விட்டு அவர் வேகத்தில் எல்லோரும் போங்கள்.

பனலாபானை அடைந்ததும் ஈரத்துணியை உடனே மாற்றுங்கள். சுடுநீர் கிடைக்காமலும் போகலாம். அறைகள் பெரும்பாலும் பலர் சேர்ந்து தங்கும் அடுக்குக் கட்டில்கள். மாலையிலேயே சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள். தூக்கம் வராது. பலருக்கு அப்படித்தான், பயப்பட வேண்டாம். இலேசான தலைவலியும் இயல்புதான். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் வழிகாட்டியிடம் சொல்லி, மேலே போகாதீர்கள். ஓய்வெடுத்தும் மூச்சுத்திணறல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்றால் இரவானாலும் கீழே இறக்க வேண்டும். அதற்கு உண்மையான மருந்து இறங்குவதுதான்.

இருட்டில் உச்சி

இரண்டு மணி வாக்கில் எழுப்புவார்கள். சாபாவின் கடிகாரமும் சிங்கப்பூர்க் கடிகாரமும் ஒன்றுதான், ஆனால் அங்கே சூரியன் முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்தி, காலை ஆறு மணி வாக்கில் எழுகிறது. சிறிது சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மரப்படிகள் முடிந்ததும் கருங்கல் பாறைச் சரிவு. அங்கே வெள்ளைக் கயிறு வழிகாட்டும். ஊன்றுகோலை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள். சாயாட் சாயாட் சோதனைச் சாவடியை 3,668 மீட்டரில் கடக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் வராதவர்களை மேலே விடுவதில்லை. பலத்த மழையோ காற்றோ இருந்தால் யாரையுமே விடுவதில்லை. பணம் திரும்பாது. அந்த முடிவை வாதிடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

2015 ஜூன் 5 காலை இந்த மலையை 6.0 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 18 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நம் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியின் மாணவர்கள் 7 பேர், ஆசிரியர்கள் 2 பேர். பாதை சிதைந்து மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தவர்கள் மலை வழிகாட்டிகள்தான். சிங்கப்பூரிலிருந்து போகிற எவருக்கும் இந்த மலை ஒரு சாதனைப் பட்டியலில் உள்ள வெறும் பெயராக இருக்க முடியாது. வழிகாட்டி "திரும்புவோம்" என்று சொன்னால் திரும்புங்கள்.

கடைசி ஒரு கிலோமீட்டர் மிக மெதுவாகத்தான் போகும். பத்து அடி, நின்று மூச்சு, மறுபடி பத்து அடி. அப்படிப் போகிறவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். உச்சியான லோஸ் பீக்கில் நிற்கும் இடம் சிறியது. படம் எடுத்ததும் அடுத்தவருக்கு வழிவிடுங்கள். வெளிச்சம் வந்ததும் பாறை மேட்டில் நின்று சுற்றிலும் பாருங்கள். மலேசிய 100 ரிங்கிட் நோட்டில் இருக்கும் மலையின் மேல் நிற்கிறீர்கள்.

இறக்கம்

உச்சியில் இருக்கும்போதே பாதி வழிதான் முடிந்திருக்கிறது என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லுங்கள். விபத்துகளுக்கு இடம் கொடுப்பது இந்த நேரத்தின் அசதியும் அலட்சியமும்தான். பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குங்கள். மிகச் சரிவான இடத்தில் மலையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் பின்புறமாக இறங்குவது பாதுகாப்பு.

பனலாபானில் காலை உணவுக்குப் பிறகு காலணிக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், விரல் பக்கம் தளர்த்துங்கள். ஊன்றுகோலை ஏறும்போது இருந்ததைவிடச் சிறிது நீளமாக்கி, முதலில் கோல், பிறகு கால் என்று வையுங்கள். குதிக்கவே குதிக்காதீர்கள். பெரிய படியில் உட்கார்ந்து இறங்கினாலும் கௌரவம் குறையாது. கால் நடுங்கத் தொடங்கினால் அது உட்காரச் சொல்லும் அடையாளம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஏதாவது இனிப்புச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருங்கள். மதிய மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஓடுகிறவர்கள் உங்களைத் தாண்டிப் போகட்டும்.

இங்கேதான் அந்த எட்டு வாரப் படிக்கட்டு பலன் தரும். மின்தூக்கியைத் தவிர்த்து இறங்கிய ஒவ்வொரு சுற்றும் நான்காவது, ஐந்தாவது மணி நேரத்தில் காலில் பேசும். கார்சன் அருவியைக் கண்டதும் முடிந்துவிட்டது என்று தோன்றும். அதற்குப் பிறகு வாயிலுக்கு ஏறும் படிகள் இருக்கின்றன. அவற்றுக்காக ஒரு வாய்த் தண்ணீரையும் ஒரு துண்டுக் கடலைமிட்டாயையும் மிச்சம் வைத்திருங்கள்.

அன்று இரவே விமானம் ஏறாதீர்கள். மழையில் இறக்கம் தாமதமானால் விமானத்தைத் தவறவிடுவீர்கள். தவறவிடாவிட்டாலும் இறுகிய கால்களோடு குறுகிய இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும். பூங்காத் தலைமையகத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் வாக்கில் போரிங் வெந்நீர் ஊற்று இருக்கிறது. மறுநாள் அங்கே கால்களை ஊறவைத்துவிட்டு, இலேசாக நடந்து, அதற்கடுத்த நாள் புறப்படுங்கள். வழிகாட்டிக்கும் சுமை தூக்கியவருக்கும் கொடுக்க நினைக்கும் அன்பளிப்பை ரிங்கிட்டில் தனி உறையில் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். திம்போஹோனில் பணப்பையைத் தேடும் நிலையில் இருக்க மாட்டீர்கள். அலுவலகத்தில் விடுப்பு எழுதும்போது திரும்பி வந்த மறுநாளையும் சேர்த்தே எழுதுங்கள்.